கிணற்றடிவரை நடந்து போக

பாரிசவாதம் மூளையில் வரும் நோய். அது வெளியே தெரிவது கையிலும் காலிலும் வாயிலும். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைபட்டாலோ வெடித்தாலோ, அந்தக் குழாயை நம்பியிருந்த இடம் நிமிடக் கணக்கில் செத்துப்போகத் தொடங்குகிறது. இடப்பக்க மூளை வலப்பக்க உடலையும் வலப்பக்க மூளை இடப்பக்க உடலையும் இயக்குவதால், உடலின் ஒரு பாதி விழுந்துவிடுகிறது. ‘ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது’ என்று யாழ்ப்பாணத்தில் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டில் பக்கவாதம் என்பார்கள். பாரிசம் என்றாலும் பக்கம்தான். கொழும்பில் நடத்தப்பட்டு 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வயதுவந்தோர் 1000 பேரில் ஏறத்தாழ 10 பேர் இந்த நோய் கண்டவர்கள் என்று கணக்கிட்டது. உயிர் தப்பியவர் சில நாட்களிலோ சில கிழமைகளிலோ வீடு திரும்புகிறார். காலையில் கட்டிலால் எப்படி எழும்புவது, மலசலகூடத்துக்கு எப்படிப் போவது, சாரத்தை யார் கட்டிவிடுவது என்ற கேள்விகள் அன்றைக்கே தொடங்கிவிடுகின்றன.

பிறர் கையை எதிர்பாராமல் நாளைக் கடத்துவதற்கு என்னென்ன வேண்டும் என்பதை மருத்துவ உலகம் எப்போதோ பட்டியலிட்டுவிட்டது. 1965இல் அமெரிக்காவில் மஹோனி, பார்தெல் என்ற இருவர் வெளியிட்ட அளவுகோல் இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. சாப்பிடுதல், குளித்தல், தலைவாரி முகம் கழுவுதல், உடுத்தல், மலத்தையும் சிறுநீரையும் அடக்குதல், மலசலகூடம் போய்வருதல், கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுதல், நடத்தல், படியேறுதல் எனப் பத்து விடயங்கள். மொத்தம் 100 புள்ளிகள். கையின் பலம் எவ்வளவு, விரல் எத்தனை பாகை விரிகிறது என்பதையெல்லாம் இந்த அளவுகோல் கேட்பதில்லை. செய்கிறாரா, உதவியோடு செய்கிறாரா, செய்யவில்லையா என்று மட்டுமே கேட்கிறது. பாரிசவாதத்திலிருந்து மீள்வதை இந்தக் கண்ணால் பார்ப்பதுதான் சரி. கை பழையபடி வராத ஒருவரும் தன் வேலையைத் தானே பார்க்கிறவராக வாழ முடியும். கை ஓரளவு வந்தும், எல்லாவற்றையும் மற்றவர் செய்துவிடுவதால் படுக்கையோடு கிடப்பவர்களும் உண்டு.

அசைவு திரும்புவது இரண்டு வழிகளில். முதல் நாட்களில் மூளையின் வீக்கம் வடிகிறது. இரத்தம் குறைந்து மயங்கிக் கிடந்த, ஆனால் சாகாத பகுதிகள் மெல்ல விழிக்கின்றன. இது தானாக நடப்பது. இரண்டாவது வழிக்கு உழைப்பு வேண்டும். இறந்த இடம் செய்துவந்த வேலையை அதன் அயலிலுள்ள நரம்புக் கலங்கள் கற்றுக்கொள்கின்றன. 1996இல் அமெரிக்க ஆய்வாளர் ரன்டோல்ப் நூடோவும் குழுவினரும் குரங்குகளில் இதைக் காட்டினார்கள். கையை ஆளும் மூளைப் பகுதியில் சிறு சேதம் ஏற்படுத்தியபின், சிறிய குழிகளிலிருந்து உணவை விரலால் எடுக்கும் பயிற்சியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது, கைக்கென மூளையில் எஞ்சியிருந்த இடம் சுருங்காமல் நின்றது. பயிற்சி இல்லாத குரங்குகளில் அந்த எஞ்சிய இடமும் சுருங்கிப்போனது. பயன்படுத்தாத காணியை அயலவன் வேலி நகர்த்திப் பிடிப்பதுபோல, பயன்படுத்தாத கைக்கு உரிய மூளைப் பகுதியையும் வேறு வேலைகள் பிடித்துக்கொள்கின்றன.

எத்தனை தடவை செய்தால் மூளை கற்கும்? விலங்குகளில் நடந்த பயிற்சிகளில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவைகள். 2009இல் வட அமெரிக்க மறுவாழ்வு நிலையங்களில் எண்ணிப் பார்த்தபோது, ஒரு சிகிச்சை வேளையில் நோயாளி தன் பலவீனமான கையால் ஒரு வேலையைச் செய்தது சராசரியாக 32 தடவைகள்தான். வசதி நிறைந்த நாடுகளிலேயே நிலைமை இது. ஒரு பிசியோதெரபிஸ்ட் பல வாட்டுகளைப் பார்க்கும் ஆஸ்பத்திரியில் மீதித் தடவைகளுக்கு நேரமோ ஆளோ கிடையாது. அவை வீட்டில், அன்றாட வேலையோடு வேலையாகச் சேர வேண்டியவை. பந்தைப் பிசைந்துகொண்டே இருப்பதைவிட, பேணியை எடுத்து வாய்வரை கொண்டுபோய் மேசையில் வைப்பது கூடுதல் பலன் தரும். எந்த வேலை திரும்ப வேண்டுமோ அந்த வேலையைச் செய்துதான் மூளை அதைக் கற்கிறது.

காலக்கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1995இல் வெளிவந்த கொப்பன்ஹேகன் ஆய்வில், நோயாளிகளில் 95 சதவீதமானோர் அன்றாட வேலைகளில் தாம் எட்டக்கூடிய உச்சத்தை 13 கிழமைகளுக்குள் எட்டியிருந்தார்கள். முதல் மூன்று மாதங்கள் பொன்னான காலம் என்று பிசியோதெரபி செய்பவர்கள் சொல்வது இதனால்தான். ஆனால் அந்தக் காலம் கடந்தால் கதவு மூடிவிடும் என்று நினைத்து முயற்சியைக் கைவிடுவது தவறு. நோய் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்களான 222 பேரைக் கொண்டு நடத்தி 2006இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், நல்ல கைக்கு உறை மாட்டி முடக்கிவிட்டு, விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் பலவீனமான கையாலேயே வேலை செய்ய வைத்தார்கள். இரண்டு கிழமைப் பயிற்சி. அதன் பலன் ஓராண்டுக்குப் பிறகும் நின்றது. மணிக்கட்டும் விரல்களும் சிறிதாவது நிமிரக்கூடியவர்களுக்கே இந்த முறை பொருந்தும். கை சற்றும் அசையாதவர்களுக்குக் கண்ணாடிப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த தமிழரான வி. எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களின் வலிக்காகக் கண்டுபிடித்த உத்தி அது. 1999இல் அவரும் சக ஆய்வாளர்களும் அதைப் பாரிசவாத நோயாளிகளில் முயன்று பார்த்தார்கள். இரண்டு கைகளுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் அசைக்க முயல வேண்டும். விழுந்த கை அசைவதாக மூளை காண்கிறது. இதற்கு வேண்டியது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் பொறுமையும்தான்.

முதல் நாட்களில் அவசரம் கூடாது. நோய் வந்த 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அடிக்கடி நடக்க வைத்தால் விரைவில் தேறுவார் என்று நம்பி, ஐந்து நாடுகளில் 2,104 பேரைக் கொண்டு பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 2015இல் வந்த முடிவு எதிர்மாறாக இருந்தது. அவ்வளவு வேகமாகவும் அதிகமாகவும் எழுப்பப்பட்டவர்கள், வழமையான பராமரிப்புப் பெற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே தேறியிருந்தார்கள். ஆகவே முதல் நாள் எழுந்து இருத்தலும் நிற்றலும் சிறிது சிறிதாக, மருத்துவர் சொல்லும் அளவில்தான்.

அந்த நாட்களில் உறவினர் செய்யக்கூடிய பெரிய உதவி, கெடுதல் செய்யாமலிருப்பது. விழுங்கும் தசைகளும் தளர்ந்திருக்கக்கூடும் என்பதால், தாதியர் சோதித்துப் பார்க்குமுன் தேத்தண்ணியோ இளநீரோ வாயில் விடக்கூடாது. அது நெஞ்சுக்குள் இறங்கினால் நுரையீரல் அழற்சி வரும். ஒரே பக்கம் கிடந்தால் படுக்கைப்புண் வரும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது புரட்டிவிட வேண்டும். எல்லாவற்றிலும் அதிகமாக மீறப்படும் விதி தோளைப் பற்றியது. தோள் மூட்டு ஆழமில்லாத குழியில் தசைகளின் பிடியால் நிற்கும் மூட்டு. தசை தளர்ந்ததும் கையின் பாரமே அதைக் கீழே இழுக்கிறது. அந்த நேரத்தில் ‘எழும்புங்கோ அப்பா’ என்று விழுந்த கையைப் பிடித்துத் தூக்கினால் மூட்டு விலகி, பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். வலிக்கும் தோளை யாரும் அசைக்க மாட்டார்கள். அசைக்காத கை இறுகிப்போகும். தூக்க வேண்டுமானால் இடுப்பில், அல்லது இடுப்பில் இறுக்கிக் கட்டிய துவாயில் பிடிக்க வேண்டும். இருக்கும்போது விழுந்த கைக்குக் கீழே தலையணை வேண்டும். நிற்கும்போது அது தொங்கிக் கிடக்கக்கூடாது.

குடாநாட்டில் இந்த நோயாளிகள் முதலில் போய்ச்சேரும் பெரிய இடம் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, ஊர்வழக்கில் ‘பெரியாஸ்பத்திரி’. தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளும் இருக்கின்றன. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வடக்குக்கும் விரிந்தது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், முதல் மணி நேரங்களுக்கு அந்தச் சேவை பெரிய துணை. ஆனால் அடுத்த மூன்று மாதங்களுக்கு அம்புலன்ஸ் இல்லை. கிளினிக்குக்கும் பிசியோவுக்கும் கிழமைக்கு இரண்டு நாள் போய்வர, மருதங்கேணியிலிருந்தோ காரைநகரிலிருந்தோ ஓட்டோ பிடிப்பதென்றால் கூலிவேலைக் குடும்பத்துக்கு அது தாங்காத செலவு. நெடுந்தீவிலிருந்து வருவதென்றால் குறிகட்டுவான் இறங்குதுறைவரை ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம் வேறு. ஒரு கால் இழுபடும் ஒருவரை ஆடும் படகில் ஏற்றி இறக்குவது எப்படியென்று தீவார் அறிவார்கள். பயிற்சி இடையில் நின்றுபோவதற்குச் சோம்பலைக் காரணம் சொல்லுமுன் இந்தத் தூரத்தை எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆகவே வீடுதான் பயிற்சிக் கூடம். யாழ்ப்பாணத்து வீடு ஒரு பக்கம் விழுந்தவரை எண்ணிக் கட்டப்பட்டதல்ல. விறாந்தைக்கு இரண்டு மூன்று படி, அறைக்கு அறை நிலைப்படி, முற்றத்தில் மணல், பழைய வளவுகளில் வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் குந்தும் மலசலகூடம், அதற்கும் அப்பால் கிணற்றடி. இவற்றையே ஒவ்வொன்றாக எடுத்துப் பயிலலாம்.

முதலில் எழும்புதல். பாயில் படுப்பவர் கட்டிலுக்கு மாற வேண்டும்; தரையிலிருந்து எழுவது பாரிசவாதத்துக்குப் பின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. கதிரை முழங்கால் உயரத்துக்குக் குறையாததாக, கைப்பிடி உள்ளதாக, அசையாததாக இருக்க வேண்டும். வீடெங்கும் கிடக்கும் இலேசான பிளாஸ்டிக் கதிரை இந்த வேலைக்கு ஆகாது. ஒரு பக்கம் பாரம் விழுந்ததும் வழுக்கிப் போகும். எழும் முறை இது: கதிரையின் விளிம்புக்கு நகர்ந்து, இரண்டு பாதங்களையும் முழங்காலுக்குப் பின்னால் இழுத்து ஊன்றி, மூக்கு முழங்காலைத் தாண்டும்வரை முன்னே குனிந்து, அப்போதுதான் எழ வேண்டும். குனியப் பயந்து நிமிர்ந்தபடியே எழ முயல்பவர் பின்னால் சரிகிறார். இந்த ஒரு அசைவை நாளுக்கு ஐம்பது தடவை செய்வது தொடைக்கும் இடுப்புக்கும் நல்ல பயிற்சி. தேத்தண்ணிக்கு ஒருதரம், தொலைக்காட்சியில் விளம்பரம் போகும்போது ஐந்துதரம் என்று பிரித்துக்கொண்டால் ஐம்பது வந்துவிடும்.

படிக்கு ஒரு விதி போதும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது விழுந்த கால் முதலில். தடி நல்ல கையில் இருக்க வேண்டும். விழுந்த பக்கத்தில் பிடிக்க வேண்டும் என்று நினைப்பது பரவலான பிழை. துணைக்கு வருபவர் விழுந்த பக்கமாக, ஏறும்போது அரை அடி பின்னாலும் இறங்கும்போது ஒரு படி கீழேயும் நிற்க வேண்டும். நிலைப்படியை உடைக்க மனம் வராதவர்கள் இருபுறமும் சரிவாகச் சீமெந்து இட்டுக்கொள்ளலாம். நிலையின் பக்கத்தில் ஒரு கம்பிப் பிடி அடித்தாலே பாதிப் பயம் போய்விடும்.

மலசலகூடம்தான் மானத்தோடு சம்பந்தப்பட்ட இடம். குந்துவதற்கு முழங்காலும் கணுக்காலும் முழுதாக மடங்கி, பாரம் இருபக்கமும் ஒத்திருக்க வேண்டும்; ஒரு பக்கம் விழுந்தவருக்கு அது இயலாது. நடுவில் துளையிட்ட உறுதியான கதிரையைக் குந்தும் குழிக்கு மேலே வைத்தால் அதிக செலவில்லாமல் தீர்வு கிடைக்கும். நல்ல கைப் பக்கச் சுவரில் ஒரு பிடி, இரவில் எரியும் ஒரு மின்குமிழ், வழியில் கால் தடுக்கும் மிதியடியோ வயரோ இல்லாமை ஆகியவை அதோடு சேர வேண்டும். பலர் விழுவது இரவில், யாரையும் எழுப்பக் கூச்சப்பட்டுத் தனியே போகும்போதுதான். முதல் மாதங்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரம் வைப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அடுத்தது பலரும் வாய்திறந்து பேசாத விடயம். தமிழர் வழக்கில் வலக்கை சாப்பிட, இடக்கை கழுவ. பாரிசவாதம் இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடுகிறது. வலக்கை விழுந்தவர் இடக்கையால் சாப்பிட வேண்டும்; இடக்கை விழுந்தவர் வலக்கையால் கழுவ வேண்டும். இந்தக் கூச்சத்தால் சபையில் சாப்பிடுவதை நிறுத்தியவர்களும், கழுவிவிட மகளை அழைக்க மனமில்லாமல் சாப்பாட்டையே குறைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். வீட்டார் இதைத் தாமே முதலில் பேசி, இயல்பாக்கிவிட வேண்டும். கழுவுவதற்குக் கையில் பிடிக்கும் தண்ணீர்க் குழாய் பெரும் உதவி. சாப்பிடுவதற்குப் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கிய கரண்டி, விளிம்பு உயர்ந்த கோப்பை, கோப்பைக்குக் கீழே நகராமலிருக்க ஈரத்துணி. விழுந்த வலக்கை வேலை செய்யாவிட்டாலும் மேசையில், கண்ணுக்குத் தெரியும்படி, கோப்பையைத் தொட்டபடி இருக்க வேண்டும். மடியில் தொங்கவிட்டால் மூளை அதை மறந்துபோகும். கோயிலில் திருநீறு வாங்கும்போது இடக்கையால் வலக்கையைத் தாங்கி, இரண்டையும் சேர்த்து நீட்டலாம். அது மரியாதைக்கும் குறைவில்லை, தோளுக்கும் நல்ல பயிற்சி.

உடுத்தலில் விழுந்த கை முதலில் நுழைய வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில் வெளியே வர வேண்டும். முன்பக்கம் திறக்கும், தெறிக்குப் பதில் ஒட்டும் பட்டி வைத்த சட்டை எளிது. சாரம்தான் சிக்கல். அதை உடுத்த நின்றபடி இரண்டு கையாலும் இழுத்து மடித்துச் செருக வேண்டும். ஒரு கையுள்ளவர் கட்டில் விளிம்பில் இருந்தபடி சாரத்தை நிலத்தில் வளையமாகப் போட்டு, விழுந்த காலை முதலில் உள்ளே வைத்து, மற்றக் காலையும் வைத்து, தொடைவரை இழுத்துக்கொள்ளலாம். பிறகு சுவரில் நல்ல பக்கத் தோளைச் சாய்த்து எழுந்து, இடுப்புக்கு ஏற்றலாம். முடிச்சு நிற்காது, ஆகவே சாரத்தின் மேல்விளிம்பில் இலாஸ்டிக் தைத்துவிட வேண்டும். தையற்காரருக்கு அது கால்மணி நேர வேலை. அந்த இலாஸ்டிக் இல்லாததால் தினமும் காலையில் மகனுக்காகக் காத்திருக்கும் தகப்பன்மார் உண்டு.

கிணற்றடியில் துலாவோ வாளியோ இழுப்பது இனி மற்றவர் வேலையாக இருக்கட்டும். தண்ணீர் நிறைத்த தொட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்து அள்ளிக் குளிப்பது அவர் வேலை. சவர்க்காரம் கையிலிருந்து வழுகாமல் பழைய காலுறைக்குள் போட்டுக் கட்டித் தொங்கவிடலாம். கிணற்றடிச் சீமெந்தின் பாசியை உரஞ்சிக் கழுவுவதுதான் வீட்டார் செய்ய வேண்டிய முதல் வேலை. தண்ணீர் சூடாக இருந்தால் விழுந்த கையால் அல்ல, நல்ல கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த தோல் வெந்தாலும் தெரியாது. குசினி வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு, பலகையில் இரண்டு ஆணி அடித்து வெங்காயத்தை அதில் குத்தி வைத்தால் ஒரு கையால் வெட்டலாம். புட்டுக்கு மா குழைக்கும்போது விழுந்த கை சட்டியின் விளிம்பில் பாரமாக இருந்து அதை நிறுத்தி வைக்கலாம். தேங்காய் திருவுவது கடைசிப் பாடம்.

படலையைத் தாண்டினால் ஒழுங்கையும் றோட்டும். கால் நுனி தொங்கி நிலத்தில் உரசுபவர்களுக்குக் கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் தாங்கி கொடுப்பார்கள்; அது சப்பாத்துக்குள் போடுவது. கோயிலில் அதைக் கழற்ற வேண்டியிருக்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில், பகல் வெயிலில் காய்ந்த மணலில் உணர்ச்சி குறைந்த வெறுங்கால் பொசுங்கிவிடக்கூடும். ஆகவே அதிகாலைப் பூசைக்குப் போவது நல்லது. சைக்கிளைப் பற்றி ஆண்கள் கேட்பார்கள். சமநிலை மட்டுமல்ல, பார்வையும் பார்க்கப்பட வேண்டும். வலப்பக்க மூளை பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்தில் விழுவதில்லை. கோப்பையில் இடப்பாதிச் சோறு அப்படியே இருக்கும், முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சவரம் ஆகியிருக்கும். இது பிடிவாதம் அல்ல, நோய். அவர்கள் சைக்கிளில் ஏறினால் பக்கவாட்டில் வரும் பஸ்ஸைக் காணமாட்டார்கள். மருத்துவர் சோதித்துச் சொல்லும்வரை சைக்கிள் சுவரிலேயே சாய்ந்திருக்கட்டும்.

பேச்சு போவது வலக்கை விழுந்தவர்களில் அதிகம். மொழியை ஆளும் பகுதி பெரும்பாலானோருக்கு இடப்பக்க மூளையில் இருக்கிறது. பலருக்கு விளங்கும், சொல் வராது. அறிவு மழுங்கிவிட்டது என்று எண்ணி, அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றிப் பேசுவது கொடுமை. ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு சொல்கூட வராதவர்களில் சிலர், தேவாரத்தின் முதலடியை எடுத்துக் கொடுத்தால் தொடர்ந்து பாடிவிடுவார்கள். செபம் சொல்லுவார்கள், வாய்பாடு ஒப்பிப்பார்கள். பாட்டும் மனப்பாடமும் மூளையில் வேறு வழியாகவும் ஓடுகின்றன. பேச்சுச் சிகிச்சை தருபவர்கள் அந்த வழியைப் பிடித்தே சொற்களை மீட்க முயல்வதுண்டு. எந்தப் பயிற்சியும் நோயாளியின் மொழியில் சொல்லப்பட வேண்டும் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் பழைய முன்னுதாரணம் இருக்கிறது. 1847இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கி மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அந்த மண்ணில் உடற்பயிற்சித் தாள் ஒன்று ஆங்கிலத்தில் மட்டும் கையில் கொடுக்கப்படக்கூடாது.

பாரிசவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சாப்பிடாமை, பயிற்சிக்கு மறுத்தல், காரணமின்றி அழுதல் எல்லாம் அதன் அடையாளங்கள். இதற்கும் மருந்து இருக்கிறது. கிளினிக்கில் சொல்ல வேண்டும். அசதியும் அப்படித்தான். பத்து நிமிடம் நடந்தவர் ஒரு மணி நேரம் உறங்கினால் அது சோம்பல் அல்ல.

குடும்பத்தின் பங்கு எவ்வளவு என்பதை இந்தியாவில் அளந்து பார்த்தார்கள். 14 ஆஸ்பத்திரிகள், 1,250 நோயாளிகள். ஒரு பாதியினரின் வீட்டாருக்குப் பயிற்சி முறைகளைக் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 2017இல் வந்த முடிவில், ஆறு மாதத்தின் பின் இரு பகுதியினருக்கும் வேறுபாடு இருக்கவில்லை. வீட்டார் வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. ஒருமுறை சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டால் போதாது என்பதுதான் பாடம்; பயிற்சியை மாதாமாதம் பார்த்துத் திருத்தி, கூட்டிக்கொடுக்கும் ஆள் வேண்டும். பிராந்திய ஆஸ்பத்திரிகளிலும் தீவுப்பகுதிகளிலும் பிசியோதெரபிஸ்ட்டுகளையும் தொழில்வழிச் சிகிச்சையாளர்களையும் கூட்டுவது ஆடம்பரமல்ல என்று அதிகாரிகளிடம் உறுதியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பல வீடுகளில் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். நோய் கண்ட தாயைப் பார்ப்பது எழுபது வயதுத் தகப்பன், அல்லது சம்பளத்துக்கு வரும் பெண். வெளிநாட்டுக் காசு சில்லுக் கதிரை வாங்கும், மின்கட்டில் வாங்கும். ஐம்பது தடவை எழும்பச் சொல்லிப் பக்கத்தில் நிற்காது. சம்பளத்துக்கு வருபவர் எல்லாவற்றையும் தாமே செய்து முடித்தால்தான் நல்ல வேலைக்காரி என்று பெயர் எடுக்கிறார். பெற்ற பிள்ளைகளும் அப்படித்தான். ‘நீங்கள் இருங்கோ அம்மா, நான் எடுத்துத் தாறன்’ என்பது அன்பான சொல். அந்தப் பேணியை எடுக்கும் ஒரு தடவைப் பயிற்சி அதோடு போய்விடுகிறது. கைகட்டி நின்று, விழாமல் மட்டும் பார்த்துக்கொள்வது கடினமான அன்பு. வெளிநாட்டில் இருப்பவர்கள் தொலைபேசியில் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்பதோடு ‘இன்றைக்கு எத்தனைதரம் எழும்பினீங்கள், காட்டுங்கோ’ என்று வீடியோவில் கேட்கலாம்.

எண்ணெய் பூசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஊர்ப் பரியாரிமாரிடம் போகும் வழக்கமும் விட்டுப்போகவில்லை. மெதுவாக எண்ணெய் தேய்ப்பது சுகமளிக்கும், தோலைக் காக்கும். ஆனால் தானாக அசைவதன் இடத்தை அது நிரப்பாது. விலகிய தோளை இழுத்து நீவுவதும், உணர்வில்லாத தோலில் சூடாக ஒத்தடம் கொடுப்பதும் கெடுதல். மிகப் பெரிய ஆபத்து, எண்ணெயை நம்பிப் பிரசர் குளிசையை நிறுத்துவது. ஒருமுறை பாரிசவாதம் வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம். இரண்டாவது அடி, பட்ட பாட்டையெல்லாம் ஒரே நாளில் அழித்துவிடும். கருவாடும் மோர்மிளகாயும் ஊறுகாயும் குறைய வேண்டும். சுருட்டும் சிகரெட்டும் அறவே நிற்க வேண்டும்.

தடி, வோக்கர், சில்லுக் கதிரை வாங்க வசதியில்லாதவர்கள் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். செயற்கைக் கால்களுக்குப் பேர்போன, 1987இல் தொடங்கிய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் நடமாட்டத்துக்கான துணைக்கருவிகளையும் வழங்கிவருகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், பொதுக் கட்டடங்களுக்குள் எவரும் போய்வர வசதி செய்ய வேண்டும் என்ற 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் நாட்டில் இருக்கின்றன. வங்கிக்கும் தபாற்கந்தோருக்கும் சரிவுப்பாதை கேட்பது சலுகை கேட்பதல்ல.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும் நாளில் எல்லோருக்கும் வீடு போகும் அவசரம். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அதற்கு முதல் நாளே பிசியோதெரபிஸ்ட்டைத் தேடிப் போங்கள். கட்டிலிலிருந்து எழுப்புவது, தோளைத் தாங்குவது, படியில் இறக்குவது, விழுந்தால் தூக்குவது ஆகிய நான்கையும் காட்டச் சொல்லுங்கள். காட்டியதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வராமல், அவர் பார்த்துக்கொண்டிருக்க உங்கள் கையால் ஒருதரம் செய்து காட்டுங்கள். அடுத்த கிளினிக் திகதியைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.